ஒரே சொல்லில் நான் எழுதிய ரிப்போர்ட்

நான் எழுதிய ஒரு சொல்லால் ஒரு பெண் புருஷன் வீட்டை விட்டுப் போனாள். இதை மென்று விழுங்கிவிட்டு, முப்பது வருட லேப் வேலையைப் பற்றிப் பெருமையாக எழுத எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எழுதக் காரணம் அமுதா. நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு வந்தவள். போன மாதம் போன் செய்தாள். லேபில் புது மெஷின் இறக்கியிருக்கிறார்களாம், சுவருக்கு வெள்ளையடிக்கிறார்களாம். "மேடம், நீங்க ஒட்டி வெச்சிட்டுப் போன தாளை எடுத்துடலாமா? இனிமே ரிப்போர்ட்டை மெஷினே பிரிண்ட் பண்ணிடும்" என்றாள். அந்தத் தாளில் இருப்பது ஒரே வரி: 'தெரிந்ததா, நினைத்ததா?' எடுக்கக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதையா அது?

படித்த கதை சின்னது. திருக்கோவிலூரில் ப்ளஸ் டூ, சேலத்தில் லேப் டெக்னீஷியன் படிப்பு. முதல் வருடம் பூராவும் கண்ணாடிச் சாமான் கழுவினேன். ஊசி குத்தக் கற்றுக்கொண்டது கூடப் படித்தவள் கையில், அவள் கற்றுக்கொண்டது என் கையில். பிறகு கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அது மூடிய பிறகுதான் அமுதா இருக்கும் லேபுக்கு வந்தேன். பெயரும் வேண்டாம், தப்பு என்னுடையது. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. வடக்கனந்தல் பக்கத்திலிருந்து கூலிவேலை செய்கிறவர்களும் கல்வராயன் மலையிலிருந்து தினையும் சாமையும் விதைக்கிறவர்களும் எங்களிடம் வருவார்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று மதியத்துக்குள் ரிப்போர்ட் கேட்பார்கள். அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்கிறவள் என்று எனக்குக் கொஞ்சம் பேர் இருந்தது, கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சிபிலிஸ் என்கிற பால்வினை நோய் இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. வெள்ளை அட்டையில் வட்டங்கள் அச்சடித்திருக்கும். ஒரு வட்டத்துக்கு ஒருவர். ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிகிற மஞ்சள் நீரில் ஒரு சொட்டு விட்டு, வட்டம் நிரம்பப் பரப்ப வேண்டும். அதன் மேல் கரித்தூள் கலந்த மருந்தில் ஒரு சொட்டு. பிறகு அட்டையைச் சாய்த்துச் சாய்த்து எட்டு நிமிடம் சுற்ற வேண்டும். கரி ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தால் நோய் இல்லை. கருப்புத் துணுக்குகளாகத் திரண்டால் 'ரியாக்டிவ்'. திரண்டால் அதோடு விடக் கூடாது. அதே நீரில் உப்புத்தண்ணீர் கலந்து நீர்க்க நீர்க்க எதுவரை திரள்கிறது என்று பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் உறுதி செய்கிற வேறு பரிசோதனைக்குப் பாண்டிச்சேரிக்கு அனுப்ப வேண்டும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அன்று கர்ப்பிணிகள் முகாம். லேப் வாசலில் உட்கார இடமில்லை. ஒரு வட்டத்தில் மட்டும் கரி திரண்டது. சீட்டில் பெயர் பூங்காவனம், ஊர் கரியாலூருக்கு மேலே ஒரு குக்கிராமம். இரண்டு கர்ப்பம் கலைந்து மூன்றாவதாகத் தரித்திருந்தாள். மலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீர்த்துப் பார்க்கவில்லை, பாண்டிச்சேரிக்கு அனுப்பவில்லை, புருஷன் ரத்தத்தைக் கேட்கவும் இல்லை. 'ரியாக்டிவ்' என்று ஒரே சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சீட்டு எழுதுகிற இடத்தில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, கூட வந்திருந்த மாமியாரிடம், பத்துப் பேர் காதில் விழ, "மேகநோய்" என்று, பால்வினை நோய்க்கு ஊரில் வழங்கும் பெயரைச் சொன்னார்.

அந்த வார்த்தை பஸ்ஸில் அவளுக்கு முன்னால் மலை ஏறிவிட்டது.

மூன்று மாதம் கழித்து பூங்காவனத்தை அவள் அப்பா கொண்டுவந்தார். மாமியார் வீட்டிலிருந்து அனுப்பப்பட்டு, பிறந்த வீட்டில் இருந்தாள். அந்தக் கர்ப்பமும் கலைந்திருந்தது. காலில் வீக்கம், வாயில் புண், விரல் மூட்டுகளை மடக்க முடியவில்லை. மூக்கின் மேலும் இரண்டு கன்னத்திலும் சிவந்து தடித்திருந்தது. வயது இருபத்திரண்டு.

எங்கள் பெரிய டாக்டர் தாமோதரன். கூட்டுகிற அம்மாவையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ரிப்போர்ட்டில் தப்பு இருந்தால் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டு, தாளின் மூலையை மடித்துத் திருப்பி அனுப்புவார். மடித்த மூலையைப் பார்த்ததும் மறுபடி முதலிலிருந்து செய்வேன். அதற்குத் திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

அன்று தாளை அனுப்பவில்லை. அவரே லேபுக்கு வந்தார். கையில் பூங்காவனத்தின் பழைய ரிப்போர்ட். ஸ்டூலை இழுத்து எனக்குச் சமமாக உட்கார்ந்துகொண்டார்.

"சகுந்தலா, இந்தப் பொண்ணுக்கு சிபிலிஸ்னு எழுதியிருக்கீங்க. இது உங்களுக்குத் தெரிஞ்சதா, நீங்க நெனச்சதா?"

"ரியாக்டிவ்னுதான் சார் எழுதினேன்."

"அதை வாங்கிட்டுப் போறவங்க என்னன்னு படிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

 மறுபடி செய்யச் சொன்னார். கூடவே நின்றார். கரி திரண்டது. ஒரு மடங்கு நீர்த்தேன், லேசாகத் திரண்டது. இன்னொரு மடங்கில் ஒன்றுமே இல்லை, வட்டம் சாம்பலாகக் கிடந்தது. சிறுநீரைக் காய்ச்சினேன், முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி புரதம் கட்டிக்கொண்டு வந்தது; கிட்னி கெடுகிறது என்று அர்த்தம். பாண்டிச்சேரிக்கு அனுப்பினோம். சிபிலிஸ் இல்லை என்று உறுதியாகப் பதில் வந்தது. லூபஸ் இருக்கிறது என்றும் வந்தது.

படித்த காலத்தில் லூபஸ் என்பது எனக்குப் பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்கு. கிருமி வந்தா அடிக்கணும், அடிச்சு முடிச்சதும் நிறுத்தணும். எப்ப நிறுத்தணும்ங்கிற உத்தரவு, அப்பா அம்மாகிட்டேருந்து வர்ற மரபணுவில எழுதியிருக்கு. அந்த எழுத்து ஆளுக்கு ஆள் அங்கங்க மாறும். ஒரு மாற்றத்தால பெரிசா ஒண்ணும் ஆகாது. பல மாற்றம் ஒரே ஆள்கிட்ட சேர்ந்து, மேல வெயிலோ ஒரு காய்ச்சலோ தூண்டிவிட்டா, காவல் நிக்காம சொந்த உடம்பையே அடிக்கும். தோலு, மூட்டு, கிட்னி. இந்த அட்டை தேடுற அதே மாதிரிப் பொருள் லூபஸ்லயும் தப்பா உண்டாகும். அட்டைக்கு வித்தியாசம் தெரியாது. அவளுக்குக் கரு கலைஞ்சதுக்கும் அந்தப் பொருள் காரணமா இருக்கலாம்."

பிறகு தொடர்ந்தார். "இந்த மாற்றமெல்லாம் ஏன் இவ்வளவு காலம் அழியாம இருக்குன்னா, மலேரியா மாதிரி நோய் இருந்த எடத்துல முரட்டுக் காவல் இருந்தவங்க பொழைச்சிருப்பாங்க. அதனால இருக்கலாம். இது நெனச்சது. தெரிஞ்சதுன்னு எங்கேயும் சொல்லிடாதீங்க."

அவளை வார்டில் சேர்த்து, ஸ்டீராய்டும், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற மாத்திரையின் வகையில் ஒன்றும் கொடுத்தார். வெயிலில் போகக் கூடாது என்றார். ஒரு வாரத்தில் முகத்துத் தடிப்பு அடங்கியது. குடும்ப வரலாறு எழுதச் சொன்னார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று போட்டு, யார் யாருக்குப் பிள்ளை என்று கோடு இழுப்பது. அப்பா சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். வரைந்து முடித்த மறுநாள் காலையில் பூங்காவனத்தின் கட்டில் காலியாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரி அவளை "மேகநோய்க்காரி" என்று யாரிடமோ அடையாளம் சொல்லியிருக்கிறாள்.

பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். அப்பாவும் மகளும் நின்றிருந்தார்கள். மாத்திரைப் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"எம் பேர சரி பண்ணிட்டு மாத்திர குடுங்க லேபம்மா," என்றாள்.

"பேரு அப்புறம் பார்த்துக்கலாம். மாத்திரைய நிறுத்தினா உன் கிட்னி போயிடும்."

"போவட்டும். பேரு போனவ கிட்னிய வெச்சிக்கினு இன்னா பண்றது? தண்ணி மோக்கப் போனா ஒதுங்கி நிக்கறாளுங்க. நீங்கதான எழுதனீங்க? நீங்களே வந்து அழிங்க."

பஸ் வந்தது, ஏறிவிட்டாள். பொட்டலம் என் கையில் இருந்தது. அன்று எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. என் மேல் வந்த கோபம். அவள் கேட்டதில் என்ன தப்பு? எழுதினவள்தானே அழிக்க வேண்டும்?

டாக்டர் லெட்டர் எழுதித் தருகிறேன் என்றார். "லெட்டர யாரு சார் படிப்பாங்க? நான் போறேன்" என்றேன். தானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பெரிய டாக்டர் வந்தால் எல்லாரும் எழுந்து நின்று தலையாட்டிவிட்டு, அவர் இறங்கியதும் பழையபடி பேசுவார்கள். தப்பு செய்தவள் போய் நின்றால்தான் சண்டை பிடிப்பார்கள். சண்டை பிடித்தால்தான் தீரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போனேன். ஐஸ் போட்ட பிளாஸ்கில் கரி மருந்து, அட்டைகள், ஊசி, குழாய்கள், உப்புத்தண்ணீர், பாண்டிச்சேரி ரிப்போர்ட். பூங்காவனத்தின் அப்பா சொல்லி வைத்திருந்ததால் ஊர் கூடியிருந்தது. கோயிலுக்கு முன்னால் அகலமான பாறை. ஊர்க்கவுண்டர் என்கிற ஊர்த் தலைவர் அதில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பூங்காவனமும் அப்பாவும். எதிர்ப்பக்கம் புருஷன் சடையனும் அவன் அம்மா குப்பம்மாவும். குப்பம்மா சிறு வயதிலேயே புருஷனை இழந்து, மகனைத் தனியாக வளர்த்தவர். ஊரில் அவர் பேச்சுக்குத் தனி மரியாதை.

கும்பிட்டுவிட்டுச் சொன்னேன். "இந்தப் பொண்ணுக்கு மேகநோய் இல்லீங்க. நான் அவசரத்துல சரியா பார்க்காம எழுதிட்டேன். தப்பு என்னுது. பாண்டிச்சேரியில பார்த்துட்டாங்க, சீட்டு இருக்குது."

ஊர்க்கவுண்டர் சீட்டை வாங்கிப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். "அன்னிக்கும் சீட்டுதான், இன்னிக்கும் சீட்டுதான். எந்தச் சீட்ட நம்பறது, சொல்லும்மா."

சீட்டைப் பைக்குள் வைத்தேன். "சரிதாங்க, சீட்ட நம்ப வேணாம். கண்ணால பாருங்க" என்றேன். "மொதல்ல அவ வூட்டுக்காரர் கைய நீட்டட்டும். அவளுக்கு மேகநோய்னா அவருக்கும் வந்திருக்கணும். அன்னிக்கே கேட்டிருக்கணும், நான் கேக்கல."

சடையன் அம்மாவைப் பார்த்தான். பூங்காவனம் அவனைப் பார்த்தாள். "என் ரத்தத்த எத்தினி தபா எடுத்தாங்க. ஒனக்கு இன்னா பயம்?" என்றாள். அவன் கையை நீட்டினான்.

இரண்டு பேர் ரத்தமும் உறைந்து நீர் தெளிய ஒரு மணி நேரம் ஆனது. ஒருவரும் நகரவில்லை. மலைக் குளிரில் மருந்து சில்லிட்டிருந்தால் திரளாது, அதனால் குப்பியை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தேன். சொட்டு விட்டுச் சுற்ற ஆரம்பித்தேன். எட்டு நிமிடம். சடையன் வட்டம் சாம்பலாகவே கிடந்தது. பூங்காவனம் வட்டத்தில் கரி திரண்டது. "பாரு, கீதே!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "இருங்க" என்று நீர்த்துக் காட்டினேன். இரண்டாவது மடங்கில் திரளவில்லை. நோய் தீவிரமாக இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பல மடங்கு நீர்த்தாலும் திரளும் என்று சொல்லி, அட்டையை ஊர்க்கவுண்டர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, டாக்டர் சொன்ன காவல் விஷயத்தை எனக்குத் தெரிந்த பேச்சில் சொன்னேன். அவள் சாப்பிட்டது மலேரியா மாத்திரை வகை என்றதும் பெரியவர்கள் நிமிர்ந்தார்கள். அந்தக் கசப்பு அவர்கள் நாக்குக்குத் தெரியும்.

"நாயி மாதிரின்னு சொல்லு," என்றார் ஊர்க்கவுண்டர். "கடிக்கற நாயி காவலுக்கு நல்லது. என்னிக்கோ ஒரு நாளு வூட்டுக்காரனயே கடிக்கும்."

"அதேதாங்க."

அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. குப்பம்மா விடவில்லை. எழுந்து நின்றார். "மேகநோய் இல்லன்னா வுட்டுடறதா? இது வம்சத்துல வர்றதுன்னு இந்தம்மாவே சொல்லுது. கெட்ட வம்சத்துப் பொண்ண நாங்க ஏன் வூட்ல வெச்சிக்கணும்?"

கூட்டம் அந்தப் பக்கம் சாய்வது எனக்குத் தெரிந்தது. சேற்றிலிருந்து தூக்கி முள்ளில் போட்ட மாதிரி ஆகிவிட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் பையிலிருந்து அந்தக் குடும்ப வரைபடத்தை எடுத்தேன். வட்டமும் சதுரமுமாக ஒரு வாரமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த வம்சத்தைங்கம்மா சொல்றீங்க? பூங்காவனத்தோட அப்பாவும் நீங்களும் கூடப் பொறந்தவங்கதானே?"

அத்தை மகனுக்குக் கட்டுவது அவர்கள் வழக்கம். குப்பம்மா மாமியார் மட்டுமல்ல, அப்பாவின் சொந்த அக்கா. ஊருக்கே தெரிந்த உறவுதான். மருமகளைத் தள்ளும்போது ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. குப்பம்மா முகம் கருத்தது. என்னை முறைத்தபடியே வந்து பாறையில் உட்கார்ந்து, முழங்கை வரை காப்பைத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினார்.

"எடு. எங்க வம்சத்து ரத்தத்துல இன்னா கீதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

ஊசியைப் பிரித்து ரத்தம் எடுத்தேன்.  இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சுற்றும்போது நான் அட்டையைப் பார்க்கவில்லை, குப்பம்மாவைத்தான் பார்த்தேன். அவர் அட்டையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டாவது நிமிடம் குனிந்து பார்த்தேன். சின்னச் சின்னதாகக் கரி திரண்டிருந்தது.

 இருபது வருடம் ஊர் பார்க்க, ஒரு சொல்லுக்கு இடம் கொடுக்காமல் வாழ்ந்த மனுஷி. அவர் மெதுவாகக் கேட்டார்.

"இப்ப எனக்கும் அந்தப் பேர வெப்பியா?"

"வெக்க மாட்டேங்க," என்றேன். "கரி திரண்டிருக்குது. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும். ஏன் திரண்டுதுன்னு இந்த அட்டைக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. வயசானா சில பேருக்குச் சும்மாவே திரளும். வம்சமாவும் இருக்கலாம். அன்னிக்கும் எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

குப்பம்மா காப்பைக் கீழே இறக்கினார். மருமகள் பக்கம் திரும்பினார். பிறகு, "எனக்கும் மூணு கலைஞ்சிது. அப்புறந்தான் இவன் பொறந்தான்" என்றார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை என்று சடையன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஊர்க்கவுண்டர், பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னார். பூங்காவனம் மறுத்துவிட்டாள். "ஒடனே வரமாட்டேன். மொதல்ல ஆஸ்பத்திரி. அத்த வந்து என்ன அங்க கூட்டிக்கினு போவட்டும். எந்த எடத்துல பேரு போச்சோ அந்த எடத்துக்கு வரட்டும்." அதன் பிறகுதான் மாத்திரைப் பொட்டலத்துக்குக் கையை நீட்டினாள்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா ரத்தம் திரண்டது எதற்கும் நிரூபணம் இல்லை என்றார். "தெரியும் சார், அங்கயே அப்படித்தான் சொன்னேன்" என்றேன். மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பென்சிலால் 'தெரிந்ததா, நினைத்ததா?' என்று எழுதி என்னிடம் கொடுத்தார். மூலையை மடிக்கவில்லை. அமுதா எடுத்துவிடலாமா என்று கேட்டாளே, லேப் மாறினபோது கூடவே எடுத்துவந்த அதே தாள்தான்.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை மலை பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். நல்ல வெயில். மழை இல்லாதபோது குடை பிடித்தால் மலையில் சிரிப்பார்கள். குப்பம்மா கருப்புக் குடையை விரித்து மருமகளுக்குப் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நடந்துவந்தார். சீட்டு எழுதுகிற இடத்தில் அதே ஆள்தான் இருந்தார். தலையைத் தூக்காமல், "பேரு? என்ன வியாதி?" என்று கேட்டார். வரிசையில் பத்துப் பேர் இருந்தார்கள். நான் லேப் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

குப்பம்மா குடையை மடக்கி மேஜை மேல் வைத்தார். அன்று அந்த ஆள் 'மேகநோய்' என்று சொன்ன அதே சத்தத்தில், எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

"பூங்காவனம். எங்க வம்சத்து வியாதி. எழுதிக்க."